உள்ளூர்ச் செய்தியில் பெண் குரலை எண்ண ஒரு நிரல் போதுமா?

பிப்ரவரி 3, காலை 10.15 (கேள்வி)

இதழியல் பேராசிரியர்களின் அறிமுகத்தில் "பாலினம், தொழில்நுட்பம், உள்ளூர்ச் செய்தி" என்று மூன்றையும் ஒன்றாகப் போட்டு ஆய்வுத்துறை என்கிறார்கள். இதில் ஆய்வு எங்கே இருக்கிறது? ஒரு சிறிய தமிழ்ச் செய்தித் தளத்தின் ஓராண்டுச் செய்திகள் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. ஆண் பெயர்ப் பட்டியல் ஒன்று, பெண் பெயர்ப் பட்டியல் ஒன்று. நிரலை ஓட்டினால் அரை நாளில் பெண்களின் சதவீதம் வந்துவிடும். இதற்கு எதற்குப் பேராசிரியர்?

பிப்ரவரி 3, இரவு 9.40 (பதில்)

அரை நாளில் ஒரு எண் வரும், உண்மைதான். எதை எண்ணிய எண் என்று கேட்டால் பதில் இருக்காது.

பெயர்களை எண்ணினால், விபத்தில் இறந்த பெண்ணும் நகராட்சிக் கூட்டத்தில் பேசிய பெண்ணும் ஒரே கணக்கில் விழுவார்கள். முதலாமவரைப் பற்றிச் செய்தி பேசுகிறது, இரண்டாமவர் செய்தியில் பேசுகிறார். உள்ளூர்ச் செய்தியில் குற்றமும் விபத்தும் அதிகம் என்பதால் இந்தக் கலப்படம் பெரியது. "பெண்கள் 30 சதவீதம்" என்று நிரல் சொல்லும். அதில் பாதிப் பேர் வாயே திறக்காதவர்களாக இருக்கலாம்.

எண்ண வேண்டிய அலகு பெயர் அல்ல, சோர்ஸ். யாருடைய சொல், நேரடி மேற்கோளாகவோ சாரமாகவோ, அவர் சொன்னதாகவே செய்தியில் வருகிறதோ அவர்தான் சோர்ஸ். ஒரு செய்தியில் ஒருவர் ஐந்து முறை பேசினாலும் கணக்கில் ஒரு வரிதான்.

பிப்ரவரி 4, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பேசப்படுகிறவர்களை விட்டுவிடச் சொன்னதுபோல் தொனித்துவிட்டது. விடக்கூடாது, எண்ணும் ஷீட்டில் தனி நெடுவரிசையில் வைக்க வேண்டும்.

உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில் பல நாடுகளின் செய்திகளை எண்ணுகிறது. அது பேசுபவர், பேசப்படுகிறவர் இருவரையும் சேர்த்துத்தான் எடுக்கிறது: 1995இல் பெண்கள் 17 சதவீதம், 2000இல் 18, 2005இல் 21, 2010இலும் 2015இலும் 24, 2020இல் 25. ஆனால் ஒவ்வொருவரும் செய்தியில் என்ன பங்கில் வருகிறார் என்பதையும் கூடவே பதிகிறது. 2015 கணக்கில், தன் சொந்த அனுபவத்தைச் சொல்பவர்களில் பெண்கள் 38 சதவீதம், நிபுணர்களில் 19 சதவீதம். மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த இடைவெளி கண்ணிலேயே படாது.

எனவே "பங்கு" என்ற நெடுவரிசை கட்டாயம். அதிகாரப்பூர்வப் பேச்சாளர், நிபுணர், சொந்த அனுபவம் சொல்பவர், நேரில் பார்த்தவர், பொதுமக்கள் கருத்து, பேசப்படுகிறவர் மட்டும் என ஆறு போதும். ஏழாவதாக "மற்றவை" வைத்தால் பாதிச் செய்தி அதில் போய் விழும்.

பிப்ரவரி 4, மாலை 6.30 (கேட்டவர்)

பங்கு பிரிப்பது புரிகிறது. ஆனால் பாலினத்தையாவது நிரல் கண்டுபிடிக்கலாமே? கனடாவில் ஒரு பல்கலைக்கழகக் குழு தானியங்கியாகத்தானே செய்கிறது?

பிப்ரவரி 5, இரவு 10.20

செய்தது. சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் மைட்டே டபோடா தலைமையில் உருவான பாலின இடைவெளி அளவி அது. 2018 அக்டோபர் முதல் 2020 செப்டம்பர் வரை ஏழு ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் செய்திகளை அலசி, பெண்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆண்கள் மேற்கோள் காட்டப்படுகிறார்கள் என்று சொன்னார்கள். மேற்கோளைப் பிரித்தெடுப்பது, "அவன்/அவள்" எந்தப் பெயரைக் குறிக்கிறது என்று இணைப்பது, பெயரைப் பட்டியலில் தேடுவது என்று படிப்படியாகப் போகிறது அந்த வழி. ஆங்கிலத்தில் பிரதிப்பெயர் பாலினத்தைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது படி அதை நம்பித்தான் நிற்கிறது.

தமிழ்ச் செய்தியில் அந்தப் படியே இல்லை. ஆணும் "அவர்", பெண்ணும் "அவர்". ஆணும் "கூறினார்", பெண்ணும் "கூறினார்". மரியாதைப் பன்மை பாலினத்தை முழுக்க மூடிவிடுகிறது. "அவள்" என்று தேடினால் சிறுகதைப் பகுதிதான் வந்து நிற்கும்.

மிஞ்சுவது பெயர். அங்கே நடப்பது இது:

"அன்" என்று முடிந்தால் ஆண், "இ", "ஆ" என்று முடிந்தால் பெண் என்ற விதி முதல் மணி நேரத்திலேயே உடையும். ரவி, முரளி, பாலாஜி, ராஜா, சூர்யா, கந்தசாமி எல்லாரும் பெண் ஆகிவிடுவார்கள். "அம்" இன்னும் மோசம். செல்வம், மாணிக்கம், ஆறுமுகம் ஆண்கள். மரகதம், கனகம் பெண்கள். தங்கம் இரண்டிலும் உண்டு. பாரதியும் ஜோதியும் மதியும் அப்படித்தான்.

"மீனா கண்ணன்" என்ற பெயரில் கடைசிச் சொல்லை எடுக்கும் நிரல் ஆண் என்று பதியும். அது அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ இருக்கும். தமிழில் முதல் சொல்லைப் பார்க்க வேண்டும், முன்னெழுத்தைத் தள்ளிவிட்டு.

வேற்றுமை உருபு இன்னொரு தொல்லை. பட்டியலில் "செல்வம்" இருக்கும். செய்தியில் "செல்வத்திடம்", "செல்வத்தின்", "செல்வத்துக்கு" என்று வரும். சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், "செல்வ" என்று தொடங்கும் செல்வராணியும் உள்ளே வந்துவிடுவார். "செல்வி" பெயரும் ஆகும், மணமாகாத பெண்ணின் அடைமொழியும் ஆகும்.

எல்லாவற்றையும் விடக் கணக்கைச் சாய்ப்பது தெருக்கள். காந்தி சாலை, பாரதி தெரு என்று இடங்களுக்குப் பெயராகிவிட்ட தலைவர்கள் பெரும்பாலும் ஆண்கள். உள்ளூர்ச் செய்தியில் ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு சாலைப் பெயர் வரும். நிரல் ஒவ்வொன்றையும் ஓர் ஆணாக எண்ணிக்கொண்டே போகும்.

பிப்ரவரி 5, இரவு 10.50

மறந்தது: தேடும் முன் எழுத்துகளைச் சீராக்க வேண்டும். "கொ" என்பதைச் சில பழைய தட்டச்சுப் பலகைகள் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகச் சேமித்திருக்கும், புதியவை ஒரே குறியாக. பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தேடினால் கிடைக்காது. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறையான யூனிகோடின் சீர்படுத்தல் (என்எஃப்சி) இதைச் சரிசெய்யும். "ஔ" வுக்குப் பதில் "ஒ", "ள" என்று தனித்தனியாக அடித்திருந்தால் அதைச் சரிசெய்யாது. அதற்குத் தனி மாற்றுவிதி எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளையும் நீக்குங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் உள்ள பழைய செய்திகள் என்றால் முதலில் குறிமாற்றம், பிறகுதான் மற்றதெல்லாம்.

பிப்ரவரி 6, காலை 8.10

நிரலே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் வேலை தேடித் தருவது. என்றார், கூறினார், சொன்னார், தெரிவித்தார், குறிப்பிட்டார், வலியுறுத்தினார் ஆகிய சொற்கள் உள்ள வாக்கியங்களையும் மேற்கோள் குறிக்குள் உள்ளவற்றையும் வண்ணமிட்டுக் காட்டட்டும். யார் பேசினார், ஆணா பெண்ணா, என்ன பங்கு என்பதை மனிதர் முடிவு செய்யட்டும். "கூறப்படுகிறது", "தெரிகிறது" என்று ஆளில்லாமல் வருபவை சோர்ஸ் அல்ல. "போலீசார் தெரிவித்தனர்" என்பது தனிநபர் அல்ல, அமைப்பு. இந்த இரண்டுக்கும் விதி முதலிலேயே எழுதி வையுங்கள். இல்லையென்றால் எண்ணுபவர் மூன்றாம் நாள் களைப்பில் ஒரு மாதிரியும் முதல் நாள் உற்சாகத்தில் ஒரு மாதிரியும் எண்ணுவார்.

பிப்ரவரி 7, இரவு 9.00

ஓராண்டு முழுதையும் கையால் எண்ண வேண்டியதில்லை. கட்டமைத்த வாரம் என்று ஒரு முறை உண்டு. ஆண்டின் எல்லாத் திங்கட்கிழமைகளிலிருந்தும் குலுக்கலில் இரண்டு, எல்லாச் செவ்வாய்க்கிழமைகளிலிருந்தும் இரண்டு என்று ஞாயிறு வரை எடுத்தால் 14 நாள். நாளிதழ் ஒன்றின் ஓராண்டுக்கு இப்படி இரண்டு வாரம் போதும் என்று ரிஃப், ஆஸ்ட், லேசி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1993இல் தங்கள் ஆய்வின் முடிவாகச் சொன்னார்கள். அது அச்சு நாளிதழுக்கு. இணையத்தில் செய்தி எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும் என்பதால் மூன்று அல்லது நான்கு வாரம் எடுப்பது பாதுகாப்பு.

அடுத்தடுத்த 14 நாளை எடுக்கவே கூடாது. அந்த இரண்டு வாரத்தில் திருவிழாவோ தேர்தலோ ஒரு பெரிய வழக்கோ வந்தால் அதுதான் ஆண்டு முழுதும் என்று ஆகிவிடும். கிழமையும் முக்கியம். மன்றக் கூட்டம் ஒரு குறிப்பிட்ட கிழமையில் வரும், ஞாயிற்றுக்கிழமைச் சிறப்புப் பக்கத்தில் பெண்கள் கூடுதலாக வருவார்கள்.

ஷீட்டில் ஒரு சோர்ஸுக்கு ஒரு வரி. செய்தி எண், தேதி, பகுதி (குற்றம், உள்ளாட்சி, கல்வி...), பைலைன் (செய்தியை எழுதியவர் பெயர்), சோர்ஸ் பெயர் அல்லது பதவி, பாலினம், பாலினத்தை எதை வைத்து முடிவு செய்தோம் (பெயர், படம், உறவுச்சொல், நிருபர் சொன்னது), பங்கு, நேரடி மேற்கோளா, மேற்கோளில் எத்தனை சொல், முதலில் எத்தனையாவது பத்தியில் வருகிறார், தொடர்பு எப்படிக் கிடைத்தது (நேரில், போனில், கூட்டத்தில், பிரஸ் ரிலீஸ், வாட்ஸ்அப் குழு). பெயர் மறைக்கப்பட வேண்டிய செய்திகளில் ஷீட்டிலும் பெயர் கூடாது, குறியெண் மட்டும்.

நாளுக்கு 12 செய்தி, செய்திக்கு இரண்டு சோர்ஸ் என்றால் 14 நாளுக்கு 336 வரி. வரிக்கு 4 நிமிடம் வைத்தால் 22 மணி நேரத்துக்குச் சற்று மேல். அரை நாள் இல்லை, ஆனால் ஒரு வார வேலைதான்.

பிப்ரவரி 9, மாலை 5.45 (கேட்டவர்)

சோதனைக்கு 100 சோர்ஸை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்துப் பார்த்தோம். 90 இடத்தில் ஒத்துப்போனது. இது போதுமல்லவா?

பிப்ரவரி 9, இரவு 11.10

அந்த 90ஐப் பிரித்துப் பாருங்கள். முதலாமவர் 10 பேரைப் பெண் என்றார், இரண்டாமவரும் 10 பேரைப் பெண் என்றார், அதில் இருவருக்கும் பொதுவானது 5 என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஆண் என்றது 85. மொத்தம் 90 சதவீத ஒற்றுமை. ஆனால் யாரைப் பெண் என்று குறித்தார்களோ அதில் பாதிக்குப் பாதி மோதல். ஆண்கள் மிகுந்திருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும். அதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் அளவுதான் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா. இந்தக் கணக்கில் அது 0.45 வரும். 0.80க்கு மேல் இருந்தால் நம்பலாம், 0.667 வரை தற்காலிக முடிவு சொல்லலாம், அதற்குக் கீழே என்றால் விதிப்புத்தகத்தைத் திருத்திவிட்டுப் புதிய 100ஐ எடுத்து மறுபடி குறிக்க வேண்டும். பழைய 100ஐயே திரும்பக் குறித்தால் நினைவிலிருந்து குறிப்பார்கள்.

மோதல் வந்த 10 வரிகளை இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே விதி இல்லை என்பது அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் "மருத்துவர் கூறினார்", "தலைமை ஆசிரியர் தெரிவித்தார்" என்று பெயரே இல்லாத இடமாக இருக்கும்.

பிப்ரவரி 10, காலை 7.30

பெயரில்லாத பதவி பற்றி. "ஆசிரியை", "தலைவி", "மூதாட்டி" என்று பெண்பால் விகுதி இருந்தால் மட்டும் பெண் என்று பதிந்து, "ஆசிரியர்" என்றால் ஆண் என்று பதிவது தவறு. பெண்ணையும் ஆசிரியர் என்று எழுதுவது இப்போது வழக்கம், நல்ல வழக்கமும்கூட. அங்கே "தெரியவில்லை" என்றுதான் பதிய வேண்டும். திருநங்கை, திருநம்பி, இருபாலிலும் அடங்காதவர் என்றால் அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படி.

"தெரியவில்லை"யைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 10, மதியம் 1.15

கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். சும்மா விட்டுவிட்டால் ஏமாற்று ஆகிவிடும். 200 சோர்ஸில் பெண் 40, ஆண் 110, தெரியாதவர் 50 என்றால், தெரிந்தவர்களில் பெண்கள் 26.7 சதவீதம். தெரியாத 50 பேரும் ஆண் என்றால் 20, எல்லாரும் பெண் என்றால் 45. இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பது எண்ணியவரின் குறை அல்ல, பெயர் கேட்காமல் எழுதும் டெஸ்க்கின் (செய்தி ஆசிரியர் குழுவின்) பழக்கம். அதுவே ஒரு கண்டுபிடிப்பு. யாருடைய பெயர் விடுபடுகிறது என்று நிருபர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் செவிலியர், சத்துணவு அமைப்பாளர், பக்கத்து வீட்டுக்காரர் என்று பெண்கள் பக்கமே சாயும்.

பிப்ரவரி 13, இரவு 8.50 (கேட்டவர்)

எண்ணிப் பார்த்ததில் பெண்கள் ஜனவரியில் 20 சதவீதம், பிப்ரவரியில் இதுவரை 30. முன்னேற்றம்தானே? மாதத்துக்கு 40 சோர்ஸ் போல வருகிறது.

பிப்ரவரி 13, இரவு 10.05

40 சோர்ஸில் 25 சதவீதம் என்றால் மேலும் கீழும் 13 புள்ளி பிழைக்கு இடம் உண்டு. 12க்கும் 38க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் உண்மை இருக்கலாம். 200 சோர்ஸ் என்றால் பிழை 6 புள்ளியாகச் சுருங்கும். ஒரே செய்தியில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். மாதக் கணக்கை வெளியில் சொல்லாதீர்கள். காலாண்டுக்கு ஒருமுறை, 200க்குக் குறையாமல்.

பிப்ரவரி 14, காலை 6.40

இரவு எழுதிய பிறகு தோன்றியது, இந்த இழையிலேயே இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். உள்ளூர்ச் செய்தியில் ஒரு சிலரே திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். 200 மேற்கோளில் ஒரே அதிகாரி 24 இடத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மாறுதலாகிப் போய், அந்த நாற்காலியில் ஒரு பெண் வந்து அமர்ந்தால் உங்கள் சதவீதம் 12 புள்ளி ஏறும். டெஸ்க்கில் ஒருவரும் ஒரு விரலையும் அசைத்திருக்க மாட்டார்கள். அடுத்த மாறுதலில் அதே 12 இறங்கும்.

எனவே இன்னொரு நெடுவரிசை: "நாற்காலி" அல்லது "தெரிவு". அந்தப் பதவியில் யார் இருந்தாலும் அவரைத்தான் கேட்டாக வேண்டும் என்றால் நாற்காலி. வேறு யாரையாவது கேட்டிருக்க முடியும் என்றால் தெரிவு. பிபிசியில் செய்தி நிகழ்ச்சித் தொகுப்பாளர் ராஸ் அட்கின்ஸ் 2017இல் தொடங்கிய 50:50 முயற்சியின் அடிப்படை விதி இதுதான். தங்கள் கையில் உள்ள தெரிவுகளை மட்டும் எண்ணினார்கள். அவருடைய நிகழ்ச்சியில் நான்கு மாதத்தில் பெண் பங்கேற்பாளர்கள் 39 சதவீதத்திலிருந்து 50க்கு வந்தார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் குழுவே உட்கார்ந்து சில நிமிடத்தில் எண்ணியது. வெளியாள் வந்து ஆண்டுக்கொருமுறை எண்ணியிருந்தால் இது நடந்திருக்காது.

ஒரு வேறுபாடு உண்டு. தொலைக்காட்சி விவாதத்தில் பெரும்பாலானோர் தெரிவு. உள்ளூர் டெஸ்க்கில் நாற்காலி பாதிக்கு மேல் போகலாம். அந்த விகிதத்தையும் எழுதுங்கள். நாற்காலி மிகுந்த செய்தித்தாள் என்றால் அது அலுவலகங்களின் அறிக்கைப் பலகையாக இருக்கிறது என்று பொருள். பாலினத்துக்கு அப்பாலும் அது ஒரு நோய்.

பிப்ரவரி 14, மாலை 7.20

முதல் கேள்வியில் இருந்த தொழில்நுட்பம் இங்கேதான் வருகிறது. "தொடர்பு எப்படிக் கிடைத்தது" நெடுவரிசையைப் பங்கோடு சேர்த்து ஒரு அட்டவணை போடுங்கள். போலீஸ் தகவல் குழு, கட்சிகளின் குழு, சங்கங்களின் குழு என்று நிருபர் போனில் உள்ள வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வந்தவை தனியே தெரியும். அந்தக் குழுக்களில் பேசுபவர்கள் யார்? பத்திச் செயலாளரிலிருந்து சங்கத் தலைவர் வரை ஆண்களாக இருந்தால், நிருபர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அன்றைய விகிதம் முடிவாகிவிட்டது.

டெஸ்க்கின் தொடர்பு எண் பட்டியலையும் எண்ணுங்கள். துறைவாரியாக எத்தனை பெண் எண் இருக்கிறது? மின்சாரம், குடிநீர், வேளாண்மை, எலும்பு மருத்துவம் என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பெண் நிபுணர் எண்ணைச் சேர்த்துவைப்பது ஒரு மாத வேலை. மாலை 6 மணிக்குச் செய்தி முடிக்க வேண்டிய நெருக்கடியில் யாரும் புதிய எண் தேடமாட்டார்கள். கையில் இருக்கும் எண்ணுக்குத்தான் அடிப்பார்கள்.

பிப்ரவரி 14, மாலை 7.40

"பத்திச் செயலாளர்" என்று விழுந்துவிட்டது. பகுதிச் செயலாளர்.

பிப்ரவரி 17, இரவு 9.30

படங்களை முகம் பார்த்து ஆண் பெண் சொல்லும் மென்பொருளிடம் கொடுக்கலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். வேண்டாம். கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட சோதனையில், வணிக மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களை அதிகபட்சம் 0.8 சதவீதம்தான் தவறாகச் சொன்னபோது, கருநிறப் பெண்களில் தவறு 34.7 சதவீதம் வரை போனது. யாரை எண்ணவேண்டும் என்று இந்த வேலையைத் தொடங்கினோமோ அவர்களைத்தான் அது தவறவிடுகிறது. படக்குறிப்பைப் பார்த்துக் கையால் குறியுங்கள்.

பிப்ரவரி 20, இரவு 10.00

இதுவரை சொன்னதெல்லாம் அச்சான செய்தியைப் பற்றி. கேட்டும் வராதவர்கள் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அதை நிரலும் காட்டாது, பழைய செய்தியும் காட்டாது.

இரண்டு வாரத்துக்கு மட்டும் நிருபர்கள் யாரை அழைத்தார்கள், யார் மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நேரமில்லை, மேலிடத்து அனுமதி வேண்டும், வீட்டில் கேட்க வேண்டும், படம் வேண்டாம், கமென்ட்டில் திட்டுவார்கள். இந்த ஐந்தில் எது எத்தனை முறை என்று தெரிந்தால் மருந்து வேறுவேறு. கடைசி இரண்டும் பெண்களிடமிருந்தே அதிகம் வந்தால் டெஸ்க்கே அன்றே சரிசெய்யலாம்: பேட்டி எடுக்கும்போதே எந்தெந்தத் தளத்தில் வரும் என்று சொல்வது, படம் போடுவதா என்பதை அவரிடமே விடுவது, அந்தப் பதிவுக்குக் கமென்ட்டை மூடிவைப்பது, ஊர், தெரு போன்ற விவரத்தைத் தவிர்ப்பது.

பயம் காரணமில்லாதது அல்ல. கார்டியன் நாளிதழ் 2016இல் தன் தளத்தின் 7 கோடிக் கருத்துகளை அலசியபோது, அதிகம் வசைபட்ட பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்கள், மீதி இருவர் கறுப்பின ஆண்கள். யுனெஸ்கோவுக்காக 2020இல் நடந்த கணக்கெடுப்பில் பதில் சொன்ன பெண் இதழாளர்களில் 73 சதவீதம் பேர் இணைய வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். உள்ளூரில் இது இன்னும் கூர்மை, ஏனென்றால் திட்டுபவருக்கு வீடு தெரியும்.

பிப்ரவரி 21, காலை 7.50

பெண் நிருபர்களுக்கானது: பைலைனில் சொந்தக் கைபேசி எண் போடாதீர்கள், டெஸ்க் எண் போடுங்கள். கருத்துகளை முதலில் வேறொருவர் படிக்கட்டும். மிரட்டல் வந்தால் மறைக்கும் முன் திரையைப் படமெடுத்து, இணைப்பு, தேதி, நேரம், கணக்கின் பெயர் நான்கையும் ஒரு கோப்பில் வையுங்கள். அழித்த பிறகு புகாருக்கு ஒன்றும் மிஞ்சாது. வசைச்சொல் வடிகட்டியில் தமிழ் எழுத்தில் மட்டும் பட்டியல் போட்டால் பயனில்லை, ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களே அதிகம். ஒரே சொல்லுக்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டல் வரும், நடுவில் புள்ளியும் நட்சத்திரக் குறியும் போடுவார்கள். மாதம் ஒருமுறை பட்டியலைப் புதுப்பிக்க ஒருவருக்குப் பொறுப்பு கொடுங்கள், அந்தப் பொறுப்பு திட்டு வாங்குபவரின் தலையிலேயே விழாமல்.

பிப்ரவரி 24, இரவு 9.15 (கேட்டவர்)

நாற்காலி, தெரிவு பிரித்துப் பார்த்தோம். மொத்தத்தில் பெண்கள் 24 சதவீதம், தெரிவில் மட்டும் 19. நிபுணர் என்ற பங்கில் மூன்றே பெண்கள், அதில் இருவர் மகப்பேறு மருத்துவர்கள்.

பிப்ரவரி 24, இரவு 9.50

அப்படியானால் 24 என்ற எண்ணை ஓரமாக வைத்துவிட்டு 19ஐ எடுத்து டெஸ்க்கில் மாட்டுங்கள். தெரிவு வரிகள் எத்தனை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 100க்குக் கீழே என்றால் அடுத்த கட்டமைத்த வாரத்தையும் சேர்த்த பிறகு மாட்டலாம். நிபுணர் பட்டியலில் "தலைப்பு" என்று ஒரு நெடுவரிசை கூட்டுங்கள். மகப்பேறுக்குப் பெண்ணையும் சாலைப் பாலத்துக்கு ஆணையும் கேட்பது தொடர்கிறதா என்பதை அடுத்த காலாண்டில் அதுதான் காட்டும். பழைய வரிகளுக்கும் அதை இப்போதே நிரப்பிவிடுங்கள், விதிப்புத்தகத்தில் தேதியோடு எழுதிவிட்டு.